1965 வோல்கா காஸ்-21: பழுதோடு விற்பதா, பழுது பார்த்து விற்பதா?

பால்டிக்_பட்டறை:
விற்பனைக்கு ஒரு காஸ்-21ஆர், சோவியத் காலத்து வோல்கா கார். 1965 தயாரிப்பு, மூன்றாம் வரிசை. ரஷ்யர்கள் 'திமிங்கில மீசை' என்பார்களே, அந்த மெல்லிய நெடுங்கம்பி கிரில். நிற்கிற இடம் லாட்வியா, ரீகாவுக்கு வெளியே ஒரு கொட்டகை, சிமென்ட் தரை. பல வருடமாக ஓடவில்லை.

தெரிந்த குறைகள்: கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, சில் என்போமே, அது இரண்டு பக்கமும் ஓட்டை. இடது பக்கம் யாரோ பழைய தகட்டின் மேலேயே இன்னொரு தகடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். டிரைவர் கால் வைக்கும் தரை சல்லடை. பிரேக் பெடல் அடி வரை போகிறது, பின் சக்கரங்கள் இறுகிவிட்டன. முன் சக்கரத்தில் ஆட்டம். வண்டியில் உள்ளது அடுத்த வோல்கா மாடலான காஸ்-24இன் எஞ்சின். பழைய 21 எஞ்சின் பிளாக் தனியாகக் கிடக்கிறது, தண்ணீர் உறைந்து விரிசல் விட்டது. குரோம் சாமான்கள் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கின்றன. கியர் ஸ்டீயரிங் தண்டில்தான், மாற்றவில்லை. கண்ணாடிகள் முழுசு.

மனதில் உள்ள விலை 4,500 யூரோ. கேள்வி இதுதான்: சில்லை வெல்டிங் போட்டு, அடியில் கறுப்பு அண்டர்கோட் அடித்து, கொஞ்சம் ஏற்றி விற்கலாமா? இல்லை, அப்படியே விட்டுவிடலாமா?

பழையஇரும்பு:
அந்த அண்டர்கோட் டப்பாவைத் திறக்கவே திறக்காதீங்க.

இந்த நிலையில் வோல்கா வாங்க வருகிறவன் கையில் ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் இருக்கும். நேரே தரையில் படுப்பான். பழைய துருவைப் பார்த்தால் 'இத்தனை அடி தகடு, இத்தனை நாள் வேலை' என்று கணக்குப் போடுவான். புதுக் கறுப்பு பூச்சைப் பார்த்தால் கணக்கே போட முடியாது. கணக்குப் போட முடியாதவன் மோசமானதைத்தான் நினைப்பான், விலையையும் அங்கிருந்துதான் தொடங்குவான். பூச்சுக்கு நீங்க போட்ட காசு போக, அவன் மனதில் உள்ள பயத்துக்கும் சேர்த்து நீங்கதான் தள்ளுபடி கொடுக்கணும்.

அரைகுறை வெல்டிங் இன்னும் மோசம். அடுத்து வருகிறவன் முதலில் உங்க வேலையை வெட்டி எறியணும், அப்புறம்தான் தன் வேலையைத் தொடங்கணும். இடது பக்கம் ஏற்கெனவே அந்தக் கதைதானே.

டிங்கர்பெட்டி:
மேலே சொன்னதற்குக் காரணத்தைச் சேர்க்கிறேன். காஸ்-21க்குத் தனி சேஸிஸ் கிடையாது. உடலே எடை தாங்குகிறது. நடுவில் அந்தப் பாரத்தைச் சுமப்பது சில் இரண்டும், தரையும், தரை நடுவில் மேடாக ஓடும் டன்னலும். 'பழைய வோல்கா டாங்கி மாதிரி, தகடு கனம்' என்று ஊரெல்லாம் பேச்சு. கனமாக இருந்தாலும் பெட்டிக்குள் ஈரம் நின்றால் உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியில் ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை தெரிந்தால், உள் தகடு ஒரு சாண் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவில்லை. முன் கதவைச் சாத்திவிட்டு, கதவின் பின் விளிம்பில் மேல் மூலை இடைவெளியை அளந்து எழுதுங்கள். நடுத்தூணுக்கு நேராக, தரையின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே ஒரு தடிப் பலகை வைத்து ஜாக்கியில் மெல்லத் தூக்குங்கள். சில்லிலேயே ஜாக்கி வைக்காதீர்கள், உள்ளே போய்விடும். உடல் கெட்டியாக இருந்தால் இடைவெளி மாறாது. வண்டியின் இரண்டு முனையும் தொங்க, மேல் இடைவெளி விரிந்தால் அந்தப் பக்கம் பாரம் தாங்கவில்லை என்று பொருள். அந்த எண்ணை விளம்பரத்திலேயே போடலாம். 'சில் துரு' என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். 'தூக்கினால் இடது கதவு இடைவெளி இத்தனை மி.மீ. விரிகிறது' என்று எழுதினால் விஷயம் தெரிந்தவன் போன் எடுப்பான்.

சில் மாற்றும் முறையும் சொல்கிறேன், ஏன் இதை அவசரத்தில் செய்யக்கூடாது என்று புரியும். வண்டி நான்கு சக்கரத்தில், சமதரையில் நிற்க வேண்டும். லிஃப்ட்டில் தொங்கக்கூடாது. இரண்டு கதவு வாயிலிலும் 25×25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்காக வைத்து, தூணுக்குத் தூண் தற்காலிகமாகப் பற்றவைத்துப் பூட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். முதலில் உள் தகடும் வலுத்தகடும், பிறகு வெளித் தகடு. 1.2 மி.மீ. தகடு, 0.8 மி.மீ. கம்பியில் மிக் வெல்டிங். விளிம்புகளில் 6 மி.மீ. துளை போட்டு 30-40 மி.மீ.க்கு ஒன்றாக அடைப்பு வெல்டு. தகடுகள் சேரும் முகத்தில் வெல்டபிள் துத்தநாக பிரைமர். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும். முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு, தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்க வேண்டும். இது ஒரு பக்கத்துக்கு என் கணக்கில் 25-30 மணி நேரம். கதவு வாயிலைப் பூட்டாமல் செய்தால் உடல் தொய்ந்த நிலையிலேயே கெட்டியாகிவிடும். அதன் பிறகு எந்தக் கதவும் உட்காராது.

பளபளா:
நீங்க எல்லாரும் வாங்குறவன் மெக்கானிக்னே வச்சுப் பேசுறீங்க. பாதிப் பேர் படத்தைப் பார்த்துத்தான் வர்றாங்க. மேல் பாதிக்கு ஒரு கோட் பெயிண்ட், பம்பருக்குப் பாலிஷ், ஹூட்ல ஒரு மான் பொம்மை. ஆயிரம் யூரோ கூடும்.

பழையஇரும்பு:
தம்பி, மான் பொம்மை முதல் இரண்டு வரிசைக் காலத்துச் சமாச்சாரம். மூன்றாம் வரிசையில் பார்க்கிற மான் பெரும்பாலும் பின்னால் மாட்டினது. விஷயம் தெரிந்தவன் அதைப் பார்த்ததும் 'இந்தாள் வேறு என்னெல்லாம் மாட்டியிருக்கான்' என்று தேட ஆரம்பிப்பான். ஹூட்டில் இரண்டு புது ஓட்டை போட்டதுதான் மிச்சம்.

படத்தைப் பார்த்து வருகிற அந்தப் பாதிப் பேர் வந்து பார்த்ததும் திரும்பிப் போவார்கள். அவர்கள் போலந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ இவ்வளவு தூரம் வந்து திரும்பினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

டிங்கர்பெட்டி:
பெயிண்ட் பேச்சு வந்ததால் ஒன்று. பட்டி எங்கே பூசியிருக்கிறது என்று காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். வோல்காவில் இது ஏமாற்றும். தொழிற்சாலையிலேயே தகடு இணைப்புகளை ஈய-வெள்ளீய சால்டர் ஊற்றித்தான் சமப்படுத்தினார்கள். அங்கேயும் காந்தம் ஒட்டாது. காந்தம் நழுவுகிற இடமெல்லாம் பட்டி இல்லை.

வித்தியாசம் பார்க்க, மறைவான இடத்தில் நகம் அளவு பெயிண்டை எடுத்துவிட்டு பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக மெழுகு மாதிரி வந்தால் அது சால்டர், தொழிற்சாலை வேலை, அதற்கு மதிப்பு உண்டு. மாவாக உதிர்ந்தால் பட்டி. சால்டர் உள்ள இடத்தில் காய்ந்த உப்புத்தாள் போடாதீர்கள், ஈயத் தூள் மூச்சில் போகும். அந்த இடத்தைப் படம் எடுத்து 'இணைப்பில் அசல் சால்டர் இருக்கிறது' என்று எழுதினால் பாலிஷ் போட்ட பம்பரைவிட நல்ல பேர் வாங்கித் தரும்.

லைனர்92:
எஞ்சின் பற்றி யாரும் பேசவில்லை. இந்த விற்பனையில் பெரிய சிக்கல் சில் அல்ல, எஞ்சின்தான்.

21 எஞ்சினும் 24 எஞ்சினும் ஒரே வம்சம். இரண்டும் 2,445 சிசி, 92×92, அலுமினியப் பிளாக், ஈர லைனர் (கூலன்ட் நேரே படுகிற, தனியாகக் கழலும் சிலிண்டர் உறை). 21இல் கம்ப்ரெஷன் 6.7 பக்கம், 75 குதிரைத் திறன். 24இல் 24டி வகை என்றால் 8.2, 95 குதிரைத் திறன். வண்டியில் எது இருக்கிறது என்று பிளாக்கில் அடித்த எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். கார்புரேட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 24இன் இரட்டைத் தொண்டை கே-126 கார்புரேட்டரை 21 எஞ்சினிலும் மாட்டுவார்கள்.

விற்பதற்காக எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஆசை வரும். ஓடுகிற எஞ்சினுக்கு விலை கூடுதல், உண்மைதான். ஆனால் வரிசை தப்பினால் இருக்கிறதும் போகும்.

முதலில் ஆயில் வடிகால் போல்ட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்றாதீர்கள். பல வருடம் நின்ற எண்ணெயில் தண்ணீர் அடியில் தங்கும். முதலில் சொட்டுவது தண்ணீரா எண்ணெயா என்று பாருங்கள். தண்ணீர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஈர லைனருக்கு அடியில் ஒரு மெல்லிய செம்பு வளையம் இருக்கும், கூலன்ட்டையும் அடி எண்ணெய்த் தொட்டியான சம்ப்பையும் பிரிப்பது அதுதான். அது போயிருக்கலாம். அல்லது ஹெட் கேஸ்கெட். எதுவானாலும் பேரிங்கில் தண்ணீர் பட்டிருக்கும். அந்த எஞ்சினை ஓட்டிக் காட்டுவது வாங்குபவரின் கிராங்கைத் தேய்த்துக் காட்டுவதற்குச் சமம்.

எண்ணெய் மட்டும் வந்தால்: நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு 20-30 மி.லி. மெல்லிய எண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு ஸ்டார்ட்டரைத் தொடாமல் முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். இந்த வண்டியில் ஹேண்டில் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். முழுதாக இரண்டு சுற்று தடையில்லாமல் சுற்றினால் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி, ஆயில் பிரஷர் முள் ஏறுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே பிளக், பாயிண்ட், பெட்ரோல். வெடிப்பு வரிசை 1-2-4-3. இந்தியக் கார்களில் பழகிய கை 1-3-4-2 என்று ஒயரை மாட்டிவிடும், கவனம். பழைய டேங்க்கில் உள்ள பெட்ரோலைத் தொடாதீர்கள். ஒரு கேனில் இருந்து தனிக் குழாய் போடுங்கள்.

சிலிண்டருக்கு சிலிண்டர் கம்ப்ரெஷன் வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நான்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி கேஜ் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

பால்டிக்_பட்டறை:
கம்ப்ரெஷன் சரியில்லை என்றால் ஹெட்டைத் திறந்து படம் எடுத்துப் போடலாமா?

லைனர்92:
வேண்டவே வேண்டாம். இரண்டு காரணம். ஹெட் அலுமினியம், அதைத் தாங்குவது இரும்பு ஸ்டட். வருடக்கணக்கில் நின்றால் ஸ்டட்டும் ஹெட்டும் அரித்து ஒன்றாகிவிடும். நட்டு எல்லாம் கழன்று வந்த பிறகும் ஹெட் அசையாது. ஆத்திரத்தில் கேஸ்கெட் முகத்தில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்புவார்கள், அந்தக் காயம் பிறகு முகத்தைச் சீவிச் சமப்படுத்தும் ரீஃபேஸிங்கில்தான் போகும்.

இரண்டாவது: லைனர்களை இடத்தில் அழுத்திப் பிடித்திருப்பதே ஹெட்தான். ஹெட் இல்லாத நிலையில் யாராவது கிராங்கைச் சுற்றினால் பிஸ்டனோடு லைனரும் மேலே வரும். அடியில் உள்ள செம்பு வளையம் அசைந்தால் போச்சு. திரும்ப உட்கார வைத்தாலும் துரு, அழுக்கு அடியில் சிக்கும். லைனர் பிளாக் முகத்தைவிட 0.02 முதல் 0.10 மி.மீ. துருத்தி நிற்க வேண்டும். அது மாறினால் புது கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. பார்க்க வருகிறவரும் இதைத்தான் கேட்பார்: 'ஹெட்டைத் திறந்தீர்களா? திறந்தபின் சுற்றினீர்களா?' 'திறக்கவில்லை' என்ற பதிலுக்குக் காசு உண்டு.

விரிசல் விட்ட பழைய பிளாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விரிசல் வெளி நீர்ச்சுவரில் மட்டும் என்றால் ஆர்கான் வெல்டிங்கில் அடைக்கலாம். எண்ணெய் ஊறிய பழைய வார்ப்பு, சூடாக்கிச் சுத்தம் செய்துதான் பற்றவைக்க முடியும், பிறகு லைனர் உட்காரும் முகத்தையும் சரிபார்க்க வேண்டும். அதை நீங்கள் செய்ய வேண்டாம். விரிசல் நீளத்தை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, வண்டியோடு கொடுத்துவிடுங்கள். அதில் உள்ள எண்ணுக்காகத்தான் அது வேண்டும். ஏன் என்று ஆவண விஷயம் தெரிந்த நம் காகிதப்புலி வந்தால் விளக்குவார்.

பின் மெயின் பேரிங்கில் ரப்பர் சீல் கிடையாது, கயிற்று பேக்கிங்தான். அது கொஞ்சம் எண்ணெய் கசியும். இதைக் குறைகள் பட்டியலில் எழுதத் தேவையில்லை. கசியாத வோல்காவில் எண்ணெய் இல்லை என்று ஒரு பேச்சே உண்டு.

காகிதப்புலி:
கூப்பிட்டீர்கள், வந்தேன்.

சோவியத் காலப் பதிவு ஆவணத்தில் எஞ்சின் எண்ணும் எழுதியிருக்கும். உங்களிடம் உள்ள தாளில் இருப்பது பழைய 21 பிளாக்கின் எண்ணாகத்தான் இருக்கும். எனவே மூன்று எண்ணையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: எஞ்சின் அறைத் தகட்டில் உள்ளது, இப்போதைய பிளாக்கில் உள்ளது, பழைய பிளாக்கில் உள்ளது. எண்ணின் மேல் கம்பிப் பிரஷ் போடாதீர்கள், கிரைண்டர் பற்றிப் பேச்சே வேண்டாம். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால் போதும். தேய்த்த தடம் இருந்தாலே சந்தேகம்.

லாட்வியாவில் வண்டிப் பதிவைக் கவனிக்கும் சிஎஸ்டிடி அலுவலகத்தில் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதிவு தற்காலிகமாக நிறுத்தி வைத்திருப்பதும், நிரந்தரமாக நீக்கியிருப்பதும் இரண்டு வேறு சங்கதி. வாங்குபவரின் நாட்டில் திரும்பப் பதியும்போது இதுதான் முதல் கேள்வி. பதிவில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், இடையில் உள்ள ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தாள் வேண்டும்.

ஜெர்மனிக்குப் போனால்: 30 வயது தாண்டிய வண்டி, பழமை வண்டிக்கான 'எச்' எண் தகடு கேட்கலாம். அதற்கு நிபுணர் அறிக்கை வேண்டும். கிடைத்தால் ஆண்டு வரி 191.73 யூரோ. எஞ்சின் மாற்றம் அங்கே உடனே தடை ஆகாது. முதல் பதிவுக்குப் பின் பத்து வருடத்துக்குள் செய்திருக்கக்கூடிய மாற்றம் என்றால் காலத்துக்கு ஏற்றதாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. 1965 வண்டியில் காஸ்-24 எஞ்சின், அது 1970 வாக்கில் வந்தது, ஒரே வம்சம், வாதாடலாம். முடிவு பரிசோதகர் கையில். நீங்கள் 'எச் தகடு கிடைக்கும்' என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று. 'பார்த்தபடி விற்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினால் எல்லாப் பொறுப்பும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். ஜெர்மன் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டால், தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வரி உதவாது, சிவில் சட்டம் 444ஆம் பிரிவு. அண்டர்கோட் யோசனைக்கு இதுவும் ஒரு பதில். குறைகள் பட்டியலை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கமாகச் சேர்த்து, வாங்குபவர் கையெழுத்தை அதிலும் வாங்குங்கள்.

புதுசு_21:
இதே வண்டி ஜார்ஜியாவில் விலை குறைவாகக் கிடைக்கிறதே. அங்கிருந்து ஜெர்மனிக்குக் கொண்டுவந்தால்?

காகிதப்புலி:
லாட்வியா ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், சுங்கம் இல்லை. ஜார்ஜியா வெளியே. சேகரிப்புப் பொருள் என்று சுங்கப் பட்டியலின் 9705 தலைப்பில் ஏற்றுக்கொண்டால் சுங்கவரி இல்லை, ஜெர்மனியில் இறக்குமதி வாட் 7 சதவீதம். அதற்கு 30 வயது மட்டும் போதாது. எஞ்சின், ஸ்டீயரிங், பிரேக், உடல் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல நிலையில் இருக்க வேண்டும். துருப்பிடித்திருப்பது தடையில்லை, மாற்றியமைத்திருப்பதுதான் தடை. பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், வெளிநாட்டு எஞ்சின் எல்லாம் போட்ட வோல்கா அங்கே நிறைய. அவை மாட்டிக்கொள்ளும். ரஷ்யப் பதிவில் உள்ள வண்டி என்றால் பேச்சே இல்லை, ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. 2023 செப்டம்பரில் இருந்து பால்டிக் நாடுகள் எல்லையிலேயே நிறுத்துகின்றன.

மூன்றுகியர்:
பிரேக்குக்கு வருகிறேன். நாலு சக்கரமும் டிரம், ஒரே சர்க்யூட், பூஸ்டர் இல்லை. ஒரு குழாய் ஓட்டையானால் நாலும் போச்சு. இப்ப பெடல் அடி வரை போகுதுன்னா எங்கேயோ காலி. அதில் இன்றைய பிரேக் திரவமான டாட் 4 ஊற்றி நிரப்பிப் பார்க்கலாம்னு கை போகும். நில்லுங்க.

சோவியத் காலத்தில் ஊற்றினது பிஎஸ்கே என்கிற சிவப்பு திரவம். பாதி ஆமணக்கெண்ணெய், பாதி பியூட்டனால். நம்ம ஊர் விளக்கெண்ணெய்தான், சாராய வகையோடு சேர்த்தது. அது டாட் 4 உடன் சேராது. திரிந்து கட்டி கட்டியாகி, மாஸ்டர் சிலிண்டரின் சின்னத் துளையை அடைச்சிடும். பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடிச்சே நிற்கும். குளிரிலும் விளக்கெண்ணெய் உறையும், லாட்வியக் குளிர் போதும்.

எது இருக்குன்னு தெரிய: டப்பாவில் இருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, ஒரு டம்ளர் தண்ணியில் ஊற்றுங்க. டாட் 4 கரைஞ்சிடும். பிஎஸ்கே கரையாது, எண்ணெய் படலம் மிதக்கும். விரலில் தேய்ச்சா பிசுபிசுன்னு நூல் இழுக்கும், வாசனையும் காட்டிக்கொடுக்கும். பிஎஸ்கேன்னா குழாய், சிலிண்டர் எல்லாத்தையும் ஸ்பிரிட் விட்டு அலசி, ரப்பர் எல்லாம் புதுசு போட்டு, அப்புறம்தான் டாட் 4. பெட்ரோலில் அலசாதீங்க, ரப்பர் ஊதிடும்.

விற்பவர் இதெல்லாம் செய்ய வேண்டியதில்லை. பின் சக்கரம் உருளணும், அவ்வளவுதான். டிரம்மைச் சுத்தியால் சுற்றித் தட்டி, ஷூ அட்ஜஸ்டரைப் பின்னால் தளர்த்தினா பெரும்பாலும் விடும். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கான்னும் பாருங்க. உள்ளே இருக்கிற தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ். ஈரத் துணி போதும்.

முன் சக்கர ஆட்டம்: சக்கரத்தைத் தூக்கி மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டுங்க. ஒருத்தர் பிரேக் ஷூவைத் திருகி இறுக்கிவிட்டு மறுபடி ஆட்டணும். ஆட்டம் போனா வீல் பேரிங். போகலைன்னா கிங்பின் (முன் சக்கரம் திரும்புற முளை), அதன் புஷ். வோல்காவுக்கு பால் ஜாயிண்ட் கிடையாது, கிங்பின்தான், கிரீஸ் விடாம விட்டா இதுதான் கதி. கிங்பின் செட் கிடைக்கும். புஷ் அடிச்ச பிறகு துளையை அளவாக்க ரீமர் போட ஆள் வேணும், அதுதான் செலவு.

கியர்: மூணு கியர், முதல் கியருக்கு சிங்க்ரோ (உரசாம கியர் விழ வைக்கிற அமைப்பு) இல்லை. எஞ்சின் ஓடாமலேயே நெம்புகோலை எல்லா இடத்துக்கும் போட்டுப் பாருங்க. தண்டு இணைப்பு தேய்ஞ்சா ரெண்டு கியருக்கு நடுவில் சிக்கும். அது கியர்பாக்ஸ் பழுது இல்லை, சின்ன வேலை. ஆனா தெரியாதவன் கியர்பாக்ஸ் போச்சுன்னு விலையைக் குறைப்பான். நாலு கியர் பாக்ஸ் மாட்ட டன்னலை வெட்டலைங்கிறதை முதல் வரியிலேயே எழுதுங்க.

பளபளா:
சரி, பெயிண்ட் வேணாம். குரோமையாவது பாலிஷ் போடலாம்ல?

டிங்கர்பெட்டி:
பம்பர் இரும்பு, அதைத் திரும்பக் குரோம் போடுவது எளிது. கைப்பிடி, விளக்கு வளையம், எழுத்துச் சின்னம் மாதிரியானவை துத்தநாகக் கலவை வார்ப்பு. அதில் தெரிகிற புள்ளிகள் மேலே இல்லை, உள்ளிருந்து வெடித்தவை. பாலிஷ் போட்டால் சுற்றியுள்ள குரோமும் தேய்ந்து குழி பெரிதாகும். குரோமை உரித்து, ஒவ்வொரு குழியையும் தோண்டி, செம்பு ஏற்றி, நிரப்பி, மட்டம் செய்து, நிக்கல், பிறகு குரோம். ஒரு கைப்பிடிக்கு ஆகிற கூலியில் நல்ல பழைய கைப்பிடியே வாங்கலாம். எனவே எண்ணிக்கைதான் முக்கியம். எல்லாத் துண்டும் இருக்கிறதா, எது இல்லை என்று எழுதுங்கள். பக்கப் பட்டைகளின் கிளிப்பு வரை.

பழையஇரும்பு:
விலை. ஜெர்மன் சந்தையில் 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள், 1 மிக நல்லது, 5 மிக மோசம். இது 5, சந்தேகமே இல்லை. 4 என்று எழுதி வாதாடாதீங்க. 4,500க்கு நியாயம் வேணும்னா கணக்கை இப்படிப் போடுங்க: இதே வரிசையில், ஓடுகிற, சில் கெட்டியான வண்டி உங்க பக்கம் என்ன விலைக்குக் கைமாறுது? விளம்பர விலை இல்லை, கைமாறின விலை. அதிலிருந்து சில் இரண்டு பக்கம், தரை, பிரேக், கிங்பின் வேலை நேரத்தை உள்ளூர்ப் பட்டறைக் கூலியால் பெருக்கிக் கழிங்க. குரோமையும் பெயிண்ட்டையும் கழிக்காதீங்க, அது வாங்குறவன் ஆசை. மீதி வருகிறதில் இன்னும் கொஞ்சம் குறைங்க, ஏன்னா வெட்டின பிறகு தெரிகிற துரு எப்பவும் கூடுதல்.

சிலர் பிரித்து விற்றால் அதிகம் வரும்பாங்க. கிரில், கண்ணாடி, டாஷ்போர்டு, ஸ்டீயரிங் வீல் உடனே போகும். அப்புறம் பாக்கி இருக்கிற கூடு உங்க கொட்டகையிலேயே நிற்கும்.

பால்டிக்_பட்டறை:
சோதனைகள் செய்தாகிவிட்டது. ஜாக்கி: இடது கதவு மேல் இடைவெளி 4 மி.மீ. இருந்தது 7 ஆனது. வலது மாறவில்லை. ஆயில் போல்ட்: எண்ணெய் மட்டும். பிரேக் திரவம் தண்ணீரில் கரையவில்லை. முன் ஆட்டம் இரண்டு பக்கமும் கிங்பின். விளம்பர வாசகம் இது:

'காஸ்-21ஆர், 1965, மூன்றாம் வரிசை. முழுச் சீரமைப்பு தேவை, தரம் 5. தண்டு கியர், மூன்று வேகம், டன்னல் வெட்டப்படவில்லை. எஞ்சின் காஸ்-24, ஹெட் திறக்கப்படவில்லை, சம்ப்பில் தண்ணீர் இல்லை, கையால் சுற்றுகிறது, ஸ்டார்ட் செய்யவில்லை. அசல் பிளாக் வண்டியோடு வரும், வெளிச்சுவரில் 11 செ.மீ. விரிசல். இரண்டு சில்லும், டிரைவர் தரையும் மாற்ற வேண்டும். தூக்கினால் இடது கதவு இடைவெளி 3 மி.மீ. விரிகிறது. பிரேக் இல்லை, உள்ளே பழைய ஆமணக்குத் திரவம், டாட் 4 ஊற்ற வேண்டாம். கிங்பின் இரண்டும் மாற்ற வேண்டும். நான்கு சக்கரமும் உருளும். 3,900 யூரோ.'

மூன்றுகியர்:
இதுதான் விளம்பரம். 'டாட் 4 ஊற்ற வேண்டாம்'ங்கிற ஒரு வரி போதும், விற்கிறவனுக்கு விஷயம் தெரியும்னு புரிஞ்சிடும்.

காகிதப்புலி:
'பதிவு நிலை' வரி விட்டுப்போச்சு. சிஎஸ்டிடி பதிலை அப்படியே போடுங்கள். எண்களின் முழுப் படத்தைப் பொதுவில் போட வேண்டாம், கடைசி மூன்று இலக்கத்தை மறையுங்கள், நேரில் கேட்பவருக்குக் காட்டுங்கள்.

பழையஇரும்பு:
ஏற்றிப் போவது பற்றியும் ஒரு வரி. வண்டி 1,450 கிலோ பக்கம், டிரெய்லர் 600, இழுக்கிற கார் 2 டன். மொத்தம் 4 டன் தாண்டும். சாதாரண பி லைசென்ஸ் போதாது, டிரெய்லருக்கான கூடுதல் அனுமதி பி96, அதன் எல்லை 4,250 கிலோ. அதுக்கும் தாளில் உள்ள அனுமதி எடைதான் கணக்கு, தராசு எடை இல்லை. பெரும்பாலும் அதற்கு மேலான பிஇ லைசென்ஸ் வேணும். நீளம் 4.8 மீட்டர், சின்ன டிரெய்லர் கொண்டுவந்துட்டு முழிக்கக் கூடாது. வின்ச் கட்டாயம், பிரேக் இல்லாத வண்டியைக் கையால் சரிவில் தள்ளக்கூடாது. பெல்ட்டை டயர் மேல் போட்டுக் கட்டணும். முன் சட்டத்திலோ சில்லிலோ கொக்கி மாட்டினா போகிற வழியில் பாதி வண்டி கையோடு வரும். லீபாயாவில் இருந்து டிராவமுண்டேவுக்குக் கப்பல் உண்டு, இல்லைன்னா லிதுவேனியா, போலந்து வழியாத் தரைவழி.

லைனர்92:
ஸ்டார்ட்டிங் ஹேண்டில் வண்டியோடு இருக்கிறதா?

பால்டிக்_பட்டறை:
டிக்கியில் டூல் பையில் இருக்கிறது.

லைனர்92:
அதையும் படத்தில் வையுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்க, வருகிறவர் ஃபேன் இறக்கையைப் பிடித்து இழுப்பார்.